அசோசியேட் டிகிரிக்குக் கல்லூரி தேடியபோது நான் கேட்கத் தவறிய கேள்விகள்

2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஹூஸ்டன் நகரின் தென்மேற்கில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் இயங்கிய தனியார் தொழிற்கல்லூரியில், 39,600 டாலருக்கான சேர்க்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனதற்கும் கையெழுத்துப் போட்டதற்கும் இடையில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு மிக்ஸி வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்குகிறவள் நான். அன்றைக்கு என்னை அவ்வளவு அவசரப்படுத்தியது எது என்று இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்த ஒருத்தியிடம், "உங்களைப் போன்றவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்ற பொருளில் ஒருவர் பேசிவிட்டால், அதன் பிறகு காதில் வேறெதுவும் விழுவதில்லை என்றுதான் தோன்றுகிறது.

நான் நாமக்கல் பக்கத்து பாலிடெக்னிக் ஒன்றில் மின், மின்னணுவியல் டிப்ளமோ முடித்து, கோயம்புத்தூரில் பம்ப்செட் மோட்டார் செய்யும் நிறுவனம் ஒன்றின் டெஸ்டிங் பிரிவில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். 2010-இல் திருமணமாகி டெக்சாசுக்கு வந்தேன். 2021 இறுதியில் கிரீன் கார்டு கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஹூஸ்டனுக்குக் கிழக்கே பாசடினா, டியர் பார்க், லா போர்ட், பேடவுன் என்று வரிசையாக இருக்கும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ரசாயன ஆலைகளிலும் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன், எலக்ட்ரிக்கல் டெக்னீஷியன் வேலைகளுக்கு இரண்டாண்டுப் படிப்பு போதும் என்று தெரிந்தபோது, பழைய மெகர் மீட்டரைக் கையில் பிடித்த நினைவு திரும்பி வந்தது. அசோசியேட் டிகிரி என்றால் நம் ஊர் டிப்ளமோ மாதிரி என்று புரிந்துகொண்டேன். நம் ஊரில் டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் அல்லவா, அதைப்போல இங்கும் அசோசியேட் முடித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் உட்காரலாம் என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன். என் பணமும் காலமும் போனதற்கு இந்தக் கணக்குத்தான் வேர். அது முழுக்கத் தவறு அல்ல. பாதி சரியாக இருந்ததால்தான் அதைச் சரிபார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கல்லூரியில் என் பழைய மதிப்பெண்களைக் கேட்கவில்லை. பாலிடெக்னிக் சான்றிதழை எடுத்து நீட்டியபோது, "அதெல்லாம் தேவையில்லை, முதலிலிருந்தே சேர்த்துக்கொள்கிறோம்" என்றார் சேர்க்கை ஆலோசகர். அப்போது அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். ஏற்கெனவே படித்ததற்குக் கழிவு கொடுத்தால் அந்த அளவுக்கு என்னிடம் விற்கும் பாடங்கள் குறையும் என்பது பிறகுதான் புரிந்தது. பத்து வாரங்கள் கொண்ட எட்டுப் பருவங்கள், பருவத்துக்கு 4,950 டாலர், இருபது மாதத்தில் மின்னணுப் பொறியியல் தொழில்நுட்பத்தில் அசோசியேட் பட்டம் என்றார்கள். அந்த வாரமே சேர்ந்தால் விண்ணப்பக் கட்டணம் கிடையாது என்றார்கள். என் கணவர் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில், "ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமே" என்றார். "பிறகு உங்களுக்கு எப்போதும் நேரம் இருக்காதுங்க" என்று நான்தான் எரிச்சல்பட்டேன். அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தையும் அந்த ஆண்டின் பாடத்திட்டக் கையேட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் முகம் மாறும் இடத்தில், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் இருவர் ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஆய்வுக்கூடம் என்று காட்டிய அறையில் பெரும்பாலும் கணினிகளே இருந்தன. மின்சுற்றைத் திரையில் வரைந்து, திரையிலேயே அளந்து, விடையைத் திரையிலேயே எழுதினோம். மூன்று பருவங்கள் முடிந்தும் ஒரு மோட்டாரைக் கூட நான் தொட்டிருக்கவில்லை. பாலிடெக்னிக்கில் முதல் ஆண்டிலேயே ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டியவளுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? உறுத்தியது. ஆனாலும் கட்டிய பணத்தை நினைத்து, அடுத்த பருவத்தில் வரும், அதற்கடுத்த பருவத்தில் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2023 மார்ச் மாதத்தில், நான்காம் பருவத்தின் மூன்றாவது வாரம், தமிழ்ப் பள்ளி முடிந்து பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது, டியர் பார்க் ஆலை ஒன்றில் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் என் படிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் முதலில் கேட்டதே, "அக்கா, அந்தக் கிரெடிட்டை யுனிவர்சிட்டியில எடுத்துக்குவாங்களான்னு கேட்டீங்களா?" என்பதுதான். படித்து முடித்த பாடங்களுக்குக் கணக்கிடும் அலகுதான் கிரெடிட். மறுநாள் காலை நகரத்திலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் மாற்றுச் சேர்க்கை அலுவலகத்தை அழைத்தேன். அந்தப் பெண்மணி என் பெயரைக் கேட்பதற்கு முன்பே, கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்திருப்பது யார் என்று கேட்டார். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். அந்த அமைப்பின் கீழ் வரும் கல்லூரிகளின் கிரெடிட்டுகளை அவர்கள் ஏற்பதில்லை என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். பிறகு, இரண்டாண்டுப் படிப்பு நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரிகளான கம்யூனிட்டி கல்லூரிகள் இரண்டை அழைத்தேன். அங்கும் அதே பதில். அதுவரை நான் எடுத்திருந்தவை 36 கிரெடிட்டுகள். அவையும் காலாண்டுக் கிரெடிட்டுகள் என்பதால் செமஸ்டர் கணக்கில் 24 தான் வரும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த 24-இல் ஒன்றுகூட வேறெங்கும் செல்லாது. மொத்தம் மூன்று அழைப்புகள், நாற்பது நிமிடம். சேர்வதற்கு முன்பு அந்த நாற்பது நிமிடத்தை நான் செலவிட்டிருக்கவில்லை. அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுததை என் பெரிய மகள் பார்த்துவிட்டாள்.

அங்கீகாரம் என்ற சொல்லை இங்கே மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள், அவற்றைக் குழப்பிவிட்டால் விற்பவருக்கு வசதி. என் கல்லூரியின் கையேட்டில் டெக்சாஸ் தொழிலாளர் ஆணையத்தின் ஒப்புதல் பெற்றது என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். அது தொழிற்பள்ளி நடத்துவதற்கான அனுமதியே தவிர, படிப்பின் தரத்துக்கோ கிரெடிட் மாற்றத்துக்கோ உத்தரவாதம் அல்ல. இரண்டாவது, கல்லூரி முழுமைக்கும் கிடைக்கும் அங்கீகாரம். டெக்சாசின் அரசுப் பல்கலைக்கழகங்களும் கம்யூனிட்டி கல்லூரிகளும் எஸ்ஏசிஎஸ்சிஓசி என்று சுருக்கி அழைக்கப்படும் தென்மாநிலக் கல்லூரிகள் ஆணையத்திடம் இதைப் பெறுகின்றன. பழைய வழக்கில் இதை வட்டார அங்கீகாரம் என்றும், பெரும்பாலும் தனியார் தொழிற்கல்லூரிகளுக்கு வழங்கப்படுவதைத் தேசிய அங்கீகாரம் என்றும் சொல்வார்கள். தேசிய என்ற சொல்லைக் கேட்டதும் நம் காதுக்கு அதுதான் பெரியதாகப் படுகிறது. கிரெடிட் மாற்றத்தில் நிலைமை நேர்மாறு. 2020 ஜூலை முதல் மத்தியக் கல்வித்துறை தன் விதிகளில் இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டது. ஆனால் எந்தக் கிரெடிட்டை ஏற்பது என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவாகவே இருக்கிறது. மூன்றாவது, குறிப்பிட்ட ஒரு பாடப்பிரிவுக்கு மட்டும் கிடைக்கும் அங்கீகாரம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அங்கீகாரம் கொடுக்கிறவருக்கே மத்தியக் கல்வித்துறையின் அங்கீகாரம் வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான் கையெழுத்திட்ட அதே 2022 ஆகஸ்டில், ஏசிஐசிஎஸ் என்ற தேசிய அங்கீகார அமைப்பின் தகுதியைக் கல்வித்துறை ரத்து செய்தது. அதே மாதத்தில்தான், 2016 செப்டம்பரில் 130-க்கும் மேற்பட்ட வளாகங்களை ஒரே நாளில் மூடிய ஐடிடி டெக் நிறுவனத்தில் படித்த சுமார் 2,08,000 பேரின் 390 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாகவும் அறிவித்தது. ஐடிடி டெக்குக்கு அங்கீகாரம் கொடுத்திருந்ததும் ஏசிஐசிஎஸ்தான். என் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை, இன்றுவரை திறந்தேதான் இருக்கிறது. அதனால் எனக்கு எந்தத் தள்ளுபடியும் கிடையாது. ஆனால் அந்த ஆகஸ்டில் செய்தித்தாளை ஒருமுறை புரட்டியிருந்தாலே கேட்க வேண்டிய கேள்வி தானாக வந்திருக்கும்.

போன பணத்தின் கணக்கை அப்படியே எழுதுகிறேன். மூன்று பருவத்துக்கு 14,850 டாலர். திருமணமானவர்களை, மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் பெற்றோரைச் சாராத மாணவராகக் கொள்வதால், முதலாண்டுக்கு 9,500 டாலர் வரை மத்தியக் கடன் கிடைத்தது, வட்டி 4.99 சதவீதம். என் கணவரின் வருமானத்தைப் பார்த்து, படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும் வகைக் கடனைத்தான் கொடுத்தார்கள். மீதி 5,350 டாலர் எங்கள் சேமிப்பு. நான்காம் பருவத்தை நான்காவது வாரத்தில் விட்டதற்கு, அவர்களுடைய விதிப்படி கழித்ததுபோக 2,180 டாலர் கேட்டார்கள். அதைக் கட்டி முடிக்கும்வரை டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலைத் தரவில்லை. ஆகமொத்தம் 17,030 டாலர். கடன் இல்லாமல் பெல் உதவித்தொகையில் படிக்கிறவர்கள், போனால் அரசாங்கப் பணம்தானே என்று இருந்துவிடக் கூடாது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7,395 டாலர் வரை கிடைக்கும் அந்த உதவிக்கு வாழ்நாள் வரம்பு உண்டு, மொத்தம் பன்னிரண்டு செமஸ்டருக்கு ஈடான அளவுதான். செல்லாத இடத்தில் செலவழித்த ஒவ்வொரு பருவமும் அதில் கழிந்துவிடும்.

இரண்டாம் முறை தேடத் தொடங்கியபோது முறையைத் தலைகீழாக மாற்றினேன். கல்லூரியிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, கல்லூரியை முடித்த பிறகு நான் போய் நிற்கப்போகும் இடங்களில் முதலில் கேட்டேன். வேலை விளம்பரங்களைப் படித்தேன். அந்தத் தம்பி மூலமாக ஆலையில் ஆள் எடுக்கும் ஒரு மேற்பார்வையாளரிடம் பதினைந்து நிமிடம் பேசினேன். எந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்களை எடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன். அவர் சொன்ன நான்கில் மூன்று கம்யூனிட்டி கல்லூரிகள். என் பழைய கல்லூரியின் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கல்லூரிகளின் சொந்த விளம்பரத்துக்குப் பதிலாக, கல்வித்துறை நடத்தும் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வருகிறார்கள் என்பதையும் பார்த்தேன். மூன்று இரவுகளில் முடிந்த வேலை இது.

அடுத்த பாடம் எழுத்துகளில் இருந்தது. அசோசியேட் என்று பொதுவாகச் சொன்னாலும் ஏஎஸ் வேறு, ஏஏஎஸ் வேறு. இரண்டும் ஏறத்தாழ 60 செமஸ்டர் கிரெடிட்தான். ஏஎஸ் என்பது பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கென்றே அமைந்த படிப்பு. ஏஏஎஸ் என்பது வேலைக்குப் போவதற்கென்று அமைந்தது. பொறியியல் தொழில்நுட்பப் பிரிவுகள் கம்யூனிட்டி கல்லூரிகளில் பெரும்பாலும் ஏஏஎஸ் ஆகவே இருக்கின்றன. டெக்சாசில் கல்லூரிப் பாடங்கள் இரண்டு கையேடுகளில் அடங்கும். கல்விசார் பாடங்களின் கையேட்டில் உள்ள கணிதம், இயற்பியல், ஆங்கிலம் போன்றவை எந்த அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் எளிதாக மாறும். வெக்கம் (WECM) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழிற்பாடக் கையேட்டில் உள்ள மின்சுற்று, பிஎல்சி என்ற ஆலைக் கட்டுப்பாட்டுக் கணினி, கருவியியல் பாடங்கள் பெரும்பாலும் மாறாது. எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அங்கு மட்டும் மாறும். இவை தரம் குறைந்த பாடங்கள் என்று நான் சொல்லவரவில்லை, வேலைக்கு உதவுபவை இவைதாம். ஆனால் லேட்டரல் என்ட்ரியை மனத்தில் வைத்துக்கொண்டு ஏஏஎஸ்ஸில் சேர்பவர், முடிக்கும் நாளில் ஏமாந்து நிற்பார்.

பாட எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும். நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் முதலாண்டா, இரண்டாமாண்டா என்பதைச் சொல்லும். இரண்டாம் இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதைச் சொல்லும். மேத் 1314 என்றால் முதலாண்டு, மூன்று கிரெடிட், கல்லூரி இயற்கணிதம். மேத் 2413 என்றால் நான்கு கிரெடிட், முதல் நுண்கணிதம். இயற்பியலில் 1401 இயற்கணிதத்தை வைத்து நடத்துவது. 2425 நுண்கணிதத்தை வைத்து நடத்துவது. முழுப் பொறியியல் பட்டம் வேண்டும் என்ற எண்ணம் ஒரு மூலையிலாவது இருந்தால், 2413-க்கும் 2425-க்கும் கொண்டுபோகும் ஏஎஸ் படிப்பில்தான் சேர வேண்டும். என்னைப்போல் கருவிகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு ஏஏஎஸ் போதும். ஆனால் அதற்குள்ளேயே கணிதத்தை மாறக்கூடியதாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. இரண்டாவதாகச் சேர்ந்த கம்யூனிட்டி கல்லூரியில் எனக்கு ஆலோசகர் முதல் பருவத்தில் தொழில்நுட்பக் கணக்கு என்ற வெக்கம் பாடத்தைப் போட்டுக்கொடுத்தார். பட்டத்துக்கு அது செல்லும், வேறெங்கும் செல்லாது. இரண்டாவது வாரத்தில் அதைக் கவனித்து, அதற்குப் பதிலாக மேத் 1314 எடுக்கலாமா என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். தாராளமாக எடுக்கலாம் என்றார். கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அப்படி மாற்றும்போது நாள் கணக்கு முக்கியம். டெக்சாஸ் கம்யூனிட்டி கல்லூரிகளில் வழக்கமான பருவத்தில், வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் முழுப் பணம் திரும்பும். முதல் 15 வகுப்பு நாட்களுக்குள் 70 சதவீதம், 16 முதல் 20 வரை 25 சதவீதம், அதற்குப் பிறகு எதுவும் இல்லை. 12-ஆம் வகுப்பு நாளுக்குப் பிறகு விடும் பாடங்கள் வேறொரு கணக்கிலும் சேரும். இளநிலைப் படிப்புக் காலம் முழுவதற்கும் ஆறு பாடங்களுக்கு மேல் அப்படி விட முடியாது. தனியார் கல்லூரியில் நான்காவது வாரத்தில் விலகி 2,180 டாலர் கட்டியதை நினைத்துக்கொண்டே, இந்த முறை 11-ஆம் நாளில் படிவத்தைக் கொடுத்தேன்.

டிஎஸ்ஐ என்ற நுழைவுநிலைத் தேர்வை நான் அலட்சியமாக எழுதினேன். டிப்ளமோவில் மூன்று கணிதத் தாள் எழுதியவளுக்கு இதென்ன என்ற நினைப்பு. கணிதத்தில் 950 வேண்டிய இடத்தில் 941 வந்தது. துணைப்பாடம் ஒன்றை உடன் எடுக்கச் சொன்னார்கள். அதற்குக் கட்டணம் உண்டு, பட்டக் கணக்கில் அது சேராது. மூன்று வாரம் பள்ளிப் புத்தகத்தை வைத்துப் பயிற்சி செய்து மறுபடி எழுதினேன், 968 வந்தது. இருபதாண்டு இடைவெளிக்குப் பிறகு யாரும் தயாரிக்காமல் அந்த அறைக்குள் போக வேண்டாம். 42 கிரெடிட்டுக்கு உட்பட்ட முதல்நிலைச் சான்றிதழ் படிப்புகளுக்கு இந்தத் தேர்வு தேவையில்லை என்பதால், சிலர் அதில் தொடங்கிப் பிறகு ஏஏஎஸ்ஸுக்கு மாறுகிறார்கள். அது நல்ல வழிதான்.

கட்டணத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. டெக்சாசில் 50 கம்யூனிட்டி கல்லூரி மாவட்டங்கள் உள்ளன. மாநிலத்தில் ஓராண்டு குடியிருந்தால் மாநிலக் கட்டணம் என்பது பலருக்கும் தெரியும். அதற்குள்ளேயே, வீட்டுவரியின் ஒரு பங்கு அந்தக் கல்லூரிக்குப் போகும் எல்லைக்குள் வசிக்கிறவருக்கு ஒரு கட்டணம், வெளியே வசிக்கிறவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்குக் கட்டணம். எங்கள் வீட்டுக்கு மிக அருகில் எட்டு நிமிடத்தில் இருந்த வளாகத்துக்கு நாங்கள் எல்லைக்கு வெளியே இருந்தோம். அஞ்சல் முகவரியில் உள்ள நகரத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், வீட்டுவரி ரசீதை எடுத்து அதில் கல்லூரி மாவட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லைக்கு வெளியே என்று தெரிந்தே நான் அங்குச் சேர்ந்தேன், காரணம் ஆய்வுக்கூடம். அப்படியிருந்தும் முதல் பருவத்தின் 12 கிரெடிட்டுக்கு ஆன செலவு, தனியார் கல்லூரியின் ஒரு பருவக் கட்டணத்தில் பாதிகூட இல்லை.

ஆய்வுக்கூடத்தைப் பார்ப்பது பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். வழிகாட்டி அழைத்துப்போகும் பார்வையிடல் நாளில் போகாதீர்கள். துறைக்கு மின்னஞ்சல் எழுதி, வகுப்பு நடக்கும் மாலை ஒன்றில் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். நான் மூன்று கல்லூரிகளில் அப்படி உட்கார்ந்தேன். ஒன்றில் பிஎல்சி பெட்டிகள் புதியவை, ஆனால் அவற்றின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் தூசி படிந்திருந்தது. இன்னொன்றில் ஒரு மேசைக்கு ஐந்து பேர். இருவர் வயர் மாட்டினார்கள், மூவர் கைப்பேசி பார்த்தார்கள். மூன்றாவதில் கருவிகள் பழையவை. ஆனால் தொட்டி, பம்ப், டிரான்ஸ்மிட்டர், கன்ட்ரோல் வால்வு எல்லாம் சேர்ந்த ஒரு சிறிய சுற்றில் தண்ணீர் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்கள் இருவர் இருவராக நின்று, ஆசிரியர் வேண்டுமென்றே உண்டாக்கி வைத்த பழுதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் ஈரம். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். போன மே மாதம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அந்த ஆசிரியரைக் கேட்டபோது, அவர் விரல்விட்டு எண்ணி ஒவ்வொருவரையும் சொன்னார், வேலை கிடைக்காத இருவரையும் சேர்த்து. துறைமுகக் கால்வாயை ஒட்டிய ஆலைகளுக்குள் நுழைய ட்விக் என்ற பாதுகாப்பு அடையாள அட்டை வேண்டும், அதை முதலாண்டிலேயே எடுத்துவிடுங்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

பாடப்பிரிவுக்கான அங்கீகாரத்தைச் சொல்வதாக எழுதியிருந்தேன். பொறியியல் போன்ற பாடப்பிரிவுகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏபெட் அமைப்பின் நான்கு ஆணையங்களில் ஒன்று பொறியியல் தொழில்நுட்பத்துக்கானது. அது அசோசியேட் படிப்புகளுக்கும் அங்கீகாரம் கொடுக்கிறது. நான் சேர்ந்த பிரிவுக்கு அது இல்லை. ஆலை மேற்பார்வையாளரும் அதைக் கேட்கவில்லை. அதனால் அசோசியேட் மட்டத்தில் இதை ஒரு கட்டாயமாக நான் வைக்கமாட்டேன். பிறகு தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, பி.இ. என்ற பதிவுபெற்ற பொறியாளர் உரிமம் வரை போகும் எண்ணம் இருந்தால் கதை வேறு. டெக்சாசில் ஏபெட் அங்கீகாரமுள்ள பொறியியல் பட்டத்துக்கு நான்கு ஆண்டு அனுபவம் கேட்பார்கள், பொறியியல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு எட்டு ஆண்டு. நம் ஊர் பி.இ. என்பது பட்டம், இங்கே பி.இ. என்பது உரிமம், உறவினர்களிடம் பேசும்போது இதனால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் இரண்டாவது கல்லூரியிலும் ஒரு பருவத்தை இழந்தேன். பாடத்திட்டத் தாளில் எல்லாம் அழகாக நான்கு பருவங்களில் அடங்கியிருக்கும். ஆனால் இரண்டாம் பிஎல்சி பாடம் வசந்தப் பருவத்தில் மட்டும், அதுவும் பகல் நேரத்தில் மட்டும் நடந்தது. அதற்கு முன்பாடம் இலையுதிர்ப் பருவத்தில் மட்டும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரத்தோடு அது மோதியதில் ஒன்றைத் தவறவிட்டேன், பின்னால் உள்ள வரிசை முழுவதும் சரிந்தது. சேர்வதற்கு முன்பே கடந்த இரண்டாண்டு வகுப்பு அட்டவணைகளை இணையத்தில் எடுத்து, ஒவ்வொரு துறைப்பாடமும் எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் நடந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பகுதிநேர மாணவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக உபயோகமான யோசனை இதுதான்.

தமிழ்நாட்டு டிப்ளமோ வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்டியிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் மதிப்பெண் பட்டியல்களை ஊரிலிருக்கும் என் தம்பி அலைந்து திரட்டி அனுப்ப நான்கு மாதம் ஆனது. பாடவாரியான மதிப்பீட்டறிக்கைக்குத் தனிச் செலவு. இவ்வளவுக்கும் பிறகு கல்லூரி நேரடியாக எந்தத் துறைப்பாடத்துக்கும் விலக்கு அளிக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசியதால், நேர்மின்னோட்டச் சுற்றுப் பாடத்துக்குத் துறைத் தேர்வு எழுதிக் கிரெடிட் பெற அனுமதித்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை எழுதித் தேறினேன். ஓம் விதி டெக்சாசிலும் அதேதான். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்4 விசாவில் இருக்கும் சகோதரிகளுக்கு மத்திய உதவித்தொகையோ கடனோ கிடைக்காது, ஆனால் விசாவை மாற்றாமலேயே படிக்கலாம்; டெக்சாசில் குடியிருப்புத் தகுதியும் பெறலாம். நான் கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த ஆண்டுகளில் கையிலிருந்த பணத்துக்குத் தகுந்தபடி பருவத்துக்கு ஒரு பாடமாவது எடுத்திருக்கலாம்.

2025 டிசம்பரில் ஏஏஎஸ் முடித்தேன். பாசடினாவில் ஒரு கருவி அளவுத்திருத்தப் பட்டறையில் பகுதிநேரமாகத் தொடங்கிய வேலை இப்போது முழுநேரமாகியிருக்கிறது. பழைய 9,500 டாலர் கடனுக்கு மாதம் 40 டாலருக்குச் சற்றுக் குறைவாக வட்டியை மட்டும் கட்டிவருகிறேன். அசலை இந்த ஆண்டு தொடங்க வேண்டும். அந்தத் தனியார் கல்லூரியிலிருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் குறுஞ்செய்தி வருகிறது. இளநிலைப் பட்டத்துக்கு என்னென்ன கிரெடிட் ஏற்பார்கள் என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். இரண்டு பதில்கள் வந்துவிட்டன, தேதியும் பேசியவரின் பதவியும் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்றாவது பல்கலைக்கழகத்தினர் தொலைபேசியில் நம்பிக்கையாகத்தான் பேசினார்கள். எழுத்தில் வரும்வரை விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை.